யீல்டு என்பதற்கு 'மசிதல்' பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்காகப் பொருள் சோதனைக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். தகைவு (ஓரலகுப் பரப்பில் விழும் விசை), திரிபு (நீளம் மாறும் விகிதம்), மீட்சி (விசையை எடுத்ததும் பழைய வடிவுக்குத் திரும்புவது) ஆகியவை பள்ளிப் பாடநூலிலேயே ஊன்றிவிட்டதால் அவற்றில் தொல்லை இல்லை. யீல்டு என்ற சொல்லில்தான் வண்டி நின்றுவிட்டது. இழுக்கும் விசை ஓர் எல்லையைத் தாண்டியதும், உலோகம் பழைய நீளத்துக்குத் திரும்ப முடியாதபடி நீளத் தொடங்குவதை அது குறிக்கிறது. 'விளைவுத் தகைவு' என்று சிலர் எழுதுகிறார்கள். நெல் விளையும், கம்பி விளையாது. தகைவால் ஏற்பட்ட விளைவோ என்று மாணவன் குழம்புவதுதான் மிச்சம்.

சோதனையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுவோம். மென்னெஃகுக் கம்பியைத் தாடைகளுக்கிடையே கவ்வவைத்து இழுக்கிறோம். விசையைக் காட்டும் முள் சீராக ஏறுகிறது. 250 மெகாபாஸ்கல் தகைவில் மசியும் எஃகு என்றால், அதுவரை ஒரு மீட்டருக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் நீண்டிருக்கும்; விசையை எடுத்தால் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். அந்த அளவைத் தொட்டதும் முள் சற்றுப் பின்வாங்கி, அங்கேயே நடுங்கிக்கொண்டு நிற்கிறது. கம்பியோ நீண்டுகொண்டே போகிறது. அதன்மேல் இருக்கும் கருஞ்செதில் பொரிந்து உதிர்கிறது. சிறிது நேரம் கழித்து முள் மறுபடி ஏறத் தொடங்குகிறது.

பெரிய உத்தரங்களைச் சோதிக்கும் கூடங்களில் இதைக் கண்ணால் பார்க்க ஓர் எளிய வழி வைத்திருந்தார்கள். எஃகின்மேல் சுண்ணாம்பு அடித்துக் காயவிடுவார்கள். மீட்சி எல்லைக்குள் இருக்கும் பகுதியில் சுண்ணாம்பு அப்படியே ஒட்டியிருக்கும். எல்லை தாண்டிய இடத்தில் செதிலோடு சேர்ந்து சாய்ந்த கோடுகளாகப் பெயர்ந்துவிடும். உத்தரம் எங்கே முதலில் தோற்றது, அது எப்படிப் பரவியது என்று அந்தக் கோடுகளிலிருந்தே படித்துவிடலாம். சுண்ணாம்புக் கரடு இருக்கும் சேலத்துக்காரனுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை. (நம் கரட்டில் தோண்டுவது சுண்ணாம்பு அல்ல, மேக்னசைட் என்பது வேறு கதை.)

இதற்கு முன் வந்த மடல்களில் சொன்ன சொற்களைப் பார்த்தேன். 'பணிதல்' அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பணித்தகைவு என்றதும் வடிவமைப்பாளர்கள் வேலை செய்யும்போது அனுமதிக்கும் தகைவு என்று படித்துவிடுவார்கள். அது வேறு அளவு, இதைவிடக் குறைந்தது. 'இணங்கல்' விறைப்பின் தலைகீழ் மதிப்புக்குத் தேவைப்படும். 'இளகல்' எனக்கு ஒப்பவே இல்லை. மெழுகு இளகும், சூட்டில் உலோகமும் இளகும். அறை வெப்பத்தில் இழுத்த எஃகு இந்தக் கட்டத்தைக் கடந்த பிறகு முன்னைவிட இறுகுகிறது. நேர்மாறான சொல்லைக் கொடுத்துவிட்டுப் பிறகு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க முடியாது.

என் பரிந்துரை 'மசிதல்'. 'எவ்வளவு மிரட்டியும் மசியவில்லை' என்று அன்றாடம் சொல்கிறோம். அழுத்தம் கூடிக்கொண்டே போய், ஓர் அளவுக்குமேல் எதிர்ப்பு விட்டுப்போவதுதானே அது? மசிதகைவு, மசிதிரிபு, மசிவலிமை, மேல் மசிநிலை, கீழ் மசிநிலை என்று கிளைகளும் தாராளமாக வருகின்றன.

சூரமங்கலத்திலிருந்து,
அன்புடன்

* * *

தம்பிக்கு,

சொல் நன்றாக இருக்கிறது. இருந்தாலும் இரண்டு ஐயம். மசி என்றால் என் தலைமுறைக்கு மை. மசிதல் என்றால் கீரை. எஃகுக்கு இது எடுபடுமா? அடுத்தது இன்னும் முக்கியமானது. கஞ்சமலை அடிவாரத்தில் 1981 முதல் ஓடுகிற நம் சேலம் உருக்காலையில் உருட்டுவது எவர்சில்வர் தகடு. அதை இழுத்தால் நீங்கள் சொல்லும் அந்த முள் நிற்கிற இடமே வராது. நான் வேலையில் இருந்த காலத்தில் அந்த வரைபடங்களைப் பார்த்துச் சலித்தவன். அதற்கு என்ன சொல்வீர்கள்?

ஏற்காட்டிலிருந்து

* * *

ஐயா,

கீரை எனக்குச் சாதகம். மசிந்த கீரை மீண்டும் இலையாவதில்லை. எல்லை தாண்டிய கம்பியும் பழைய நீளத்துக்கு வருவதில்லை. மையைப் பற்றிய கவலைக்கு இலக்கணமே வேலி போட்டிருக்கிறது. ஊறுகாய், சுடுகாடு போல மசிதகைவு வினைத்தொகை. இடையில் வல்லினம் மிகாது. 'மசித்தகைவு' என்று ஒற்றுப் போட்டால்தான் மை வந்து ஒட்டிக்கொள்ளும். மெய்ப்புப் பார்ப்பவரிடம் இதைத் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும்.

எவர்சில்வர் பற்றி நீங்கள் சொன்னதுதான் சரியான சோதனை. மென்னெஃகில் கரி, நைட்ரஜன் அணுக்கள் படிகத்திலுள்ள பிறழ்வுகளை, அதாவது அணு அடுக்கு பிசகிய இடங்களைப் பிடித்து வைத்திருக்கின்றன. பிடி விட்டதும் சட்டென்று நழுவுவதால்தான் முள் இறங்கி நிற்கிறது. 1949-ல் காட்ரெல், பில்பி என்ற இரு ஆய்வாளர்கள் கொடுத்த விளக்கம் இது. 304 வகை எவர்சில்வரில் அப்படிப்பட்ட இறுக்கமான பிடி இல்லை. கோடு மெல்ல வளைந்துகொண்டே போகும். எனவே 0.2 விழுக்காடு நிலைத்திரிபு (விசையை எடுத்த பிறகும் மீளாத திரிபு) விழுகிற தகைவையே ஓர் ஒப்பந்தமாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வகைக்கு அது குறைந்தது 205 மெகாபாஸ்கலாவது இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ப்ரூஃப் ஸ்ட்ரெஸ் எனப்படும் இதைச் 'சான்றுத் தகைவு' என்பது இன்னொரு அகராதி விபத்து. '0.2 மசிதகைவு' என்று எழுதினால் எப்படி அளந்தது என்பதும் பெயரிலேயே வந்துவிடும். 'மசிபுள்ளி' என்று நான் எழுதாததற்கும் காரணம் இதுதான். புள்ளியே இல்லாத உலோகத்துக்குப் புள்ளி வைக்க வேண்டாம்.

வேறு மறுப்பு வராவிட்டால் கையேட்டின் இழுவிசைச் சோதனைப் பகுதியில் மசிதகைவு என்றே போட்டுவிடுகிறேன். முதல் முறை வருமிடத்தில் மட்டும் அடிக்குறிப்பில் யீல்டு ஸ்ட்ரெஸ் என்று இருக்கும். உங்களிடம் பழைய எவர்சில்வர் வரைபடம் ஏதாவது இருந்தால் தெளிவாக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், ஐயா. மென்னெஃகின் கோட்டுக்குப் பக்கத்தில் அதையும் வைக்க வேண்டும்.