டிஷ் காசு யார் கட்டுவது?

வாட்ஸ்அப் குழு: உவர்மலை வளவு
சனிக்கிழமை காலை

பெரிய மாமா: எல்லோரும் கவனியுங்கள். டிஷ்காரர்கள் நேற்று இரவு செய்தி அனுப்பியிருக்கிறார்கள். இங்கிலாந்து லீக் உதைபந்தாட்டம் காட்டும் விளையாட்டுச் சனல்கள் இனி எங்கள் பக்கேஜில் இல்லையாம், வேண்டுமென்றால் மேலதிகமாகக் கட்ட வேண்டுமாம். ஆகஸ்டில் நான் கேட்டபோது எல்லாம் இருக்கிறது ஐயா என்று சொல்லித்தானே காசு வாங்கினார்கள், இப்போது சீசன் நடுவில் கழுத்தைப் பிடிக்கிறார்கள்.

சித்தி: நல்லதாய்ப் போயிற்று.

பெரிய மாமா: தங்கச்சி, நான் உன்னைக் கேட்கவில்லை.

சித்தி: குழுவில் போட்டால் எல்லோரையும் கேட்டது போலத்தான் அண்ணா. இங்கிலாந்தில் மணிக்கூட்டை மாற்றிவிட்டார்களாம், ஏழரைக்கு வந்த மட்ச் இனி எட்டரைக்காம். எட்டரைக்கு எனக்கு நாடகம். மார்ச் கடைசி வரைக்கும் நான் என்ன சுவரையா பார்ப்பது?

சின்னவன்: டிஷ்ஷை வெட்டிவிடுங்கள் மாமா. போனில் பார்க்கலாம்.

பெரிய மாமா: போனிலா? போன ஞாயிறு நீ திண்ணையில் போனோடு இருந்தாய், நான் முன் அறையில் டிஷ்ஷோடு. நான் கோல் என்று கத்தினேன், கதிரை விழுந்தது, மாமி வந்து ஏசிவிட்டும் போய்விட்டாள், அதற்குப் பிறகுதான் உன் போனில் அந்தக் கோர்னரையே எடுக்கப் போகிறார்கள். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாய். அதுவா மட்ச் பார்ப்பது?

அக்கா: மாமா சொல்வது சரி. இந்தக் குழுவிலேயே முதலில் ஒரு சட்டம் போட வேண்டும், ஆட்டம் முடியும் வரைக்கும் ஒருவரும் ஒன்றும் எழுதக்கூடாது. லண்டனில் இருந்து ஒருவர் "ஐயோ" என்று மட்டும் போடுகிறார், அதிலேயே எனக்கு விளங்கிவிடுகிறது மன்செஸ்டர் யுனைடெட் கோல் வாங்கிவிட்டது என்று.

லண்டன் அண்ணா: அக்கா, யுனைடெட் விளையாடுகிறது என்றாலே ஐயோதானே.

அத்தான்: 😂😂

அக்கா: சிரிப்பவர் இன்றைக்குச் சாப்பாட்டுக்குக் கடைக்குப் போகலாம்.

பெரிய மாமா: விஷயத்துக்கு வாருங்கள். நாலு பேர் பங்கு போட்டால் பெரிய காசு இல்லை. நான் ஒரு பங்கு, மருமகன் ஒன்று, பிள்ளை ஒன்று, சின்னவனுக்குக் கைச்செலவு வருகிறதுதானே, அவன் அரைப் பங்கு.

சின்னவன்: ஆர்சனல் பார்க்க நான் ஏன் காசு கட்ட வேண்டும்?

பெரிய மாமா: நீ யார் கட்சி என்று ஒருக்கால் சொல், அதற்கேற்ற மாதிரிப் பங்கு போடுவோம். முதலில் பார்சிலோனா என்றாய். பிறகு பாரிஸ் சட்டை கேட்டாய், நான்தான் வாங்கித் தந்தேன். இப்போது இன்டர் மியாமியாம். விடியக்காலை ஐந்து மணிக்கு எழும்பி மியாமி பார்க்கிறவன் ட்யூஷனுக்கு ஏழு மணிக்கு எழும்ப மாட்டான்.

சின்னவன்: நான் மாறவே இல்லை மாமா. எப்போதும் மெஸ்ஸிதான். கழகங்கள்தான் மாறின. 13 வயதில் ரொசாரியோவில் இருந்து வந்தவரை 2021இல் சம்பள வரம்பு இடம் தரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள், மேடையில் நின்று டிஷ்யூவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதார். அவர் விட்டுப் போகவில்லை, பார்சிலோனாதான் விட்டது. பிறகு நான் எதற்கு அந்தக் கழகத்தைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும்?

அக்கா: பெடியன் சொல்வதில் பிழை தெரியவில்லை.

பெரிய மாமா: பிழை இருக்கிறது. மெஸ்ஸி இன்னும் கொஞ்சக் காலத்தில் நிறுத்திவிடுவார். அப்போது நீ என்ன செய்வாய்? டிவியை நிறுத்துவாயா? ஆட்டக்காரன் மேல் வைத்த பாசத்துக்கு ஆயுசு இருபது வருடம்தான். கழகம் என்றால் நான் போன பிறகும் சனிக்கிழமை அது விளையாடும்.

சின்னவன்: சரி, அப்படியென்றால் உங்கள் ஆர்சனல் ஹென்றி? 2007இல் அதே பார்சிலோனாவுக்குத்தானே போனார். ஹோலில் அவருடைய படம் இன்னும் தொங்குகிறது, சித்தி தூசு துடைக்கிறார்.

சித்தி: சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினால் துடைக்கத்தானே வேண்டும்.

பெரிய மாமா: ஹென்றியை இழுக்காதே. எங்கள் பழைய ஹைபரி மைதானத்தில் கடைசி ஆட்டம், 2006, விகனுக்கு மூன்று கோல் போட்டுவிட்டுப் புல்லைக் குனிந்து கொஞ்சினார். எல்லாம் தந்துவிட்டுப் போனார். 2012 ஜனவரியில் இரண்டு மாதக் கடனுக்குத் திரும்பி வந்து, மாற்று வீரராக இறங்கி, லீட்ஸுக்கு எதிரே அதே பழைய இடத்தில் இருந்து அதே கோலைப் போட்டார். ஒருவன் போவது குற்றம் இல்லை தம்பி. எந்த வீட்டுக்குப் போகிறான் என்பதுதான் கேள்வி. அதே வருடம் ஒருவன் போனானே, பெயர் சொல்ல மாட்டேன்.

அக்கா: வான் பெர்சி, எங்கள் யுனைடெட்டுக்கு ❤️

அக்கா: 26 லீக் கோல். 2013 லீக் பட்டம். அது போதாதென்று ஆர்சனல் மைதானத்திலேயே உங்கள் ஆட்கள் இரண்டு வரிசையில் நின்று எங்களுக்குக் கைதட்டினார்கள், அந்த ஆட்டத்திலும் அவர்தான் பெனல்டி போட்டார். மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை, எனக்கு நல்ல ஞாபகம்.

பெரிய மாமா: அதற்குப் பிறகு உங்களுக்கு லீக் பட்டம் எத்தனை?

அக்கா: அது வேறு கதை.

அத்தான்: அது பூச்சியம் கதை.

அக்கா: நீங்கள் கதைக்காதீர்கள். 2025 மே மாதம் உங்கள் ட்ரென்ட் பந்தைத் தொட்டபோதெல்லாம் இங்கே சோஃபாவில் இருந்து நீங்களும் கூக்காட்டினீர்கள்தானே. லிவர்பூல் பெடியன், ஆறு வயதில் இருந்து அந்தக் கழகம், அப்போதுதான் லீக் வென்று கொடுத்திருக்கிறான். ஒரு நன்றி வேண்டாமா?

அத்தான்: அவன் போனதற்கு நான் கூக்காட்டவில்லை. ஒப்பந்தம் முடிய விட்டு ரியல் மட்ரிட்டுக்குப் போனான், கழகத்துக்குச் சரியான விலை கிடைக்க இல்லை, அதுதான். முன்பே சொல்லியிருந்தால் வித்திருக்கலாம், அந்தக் காசில் இன்னொருவரை வாங்கியிருக்கலாம். 2011இல் டொரஸ் செல்சிக்குப் போனபோது எனக்கு இதைவிட வயிறு எரிந்தது, ஆனால் 50 மில்லியன் பவுண்ஸ் வந்தது, சுவாரஸ் வந்தார், மனதை ஆற்றிக்கொள்ள ஏதோ ஒன்று இருந்தது.

சின்னவன்: பாருங்கள், எல்லாம் காசுதான். கழகம் ஆட்டக்காரனை விற்றால் வியாபாரம், ஆட்டக்காரன் தானாகப் போனால் துரோகம். 2021இல் உங்கள் மூன்று கழகமும் சேர்ந்துதானே சூப்பர் லீக் என்று ஓடின? மற்றக் கழகங்களை எல்லாம் விட்டுவிட்டுப் பன்னிரண்டு பேர் தனியாகக் கடை போடப் பார்த்தார்கள். அப்போது விசுவாசம் எங்கே போனது?

பெரிய மாமா: அதை நிறுத்தியது யார்? சனம். இங்கிலாந்துக் கழகம் ஆறும் இரண்டே நாளில் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பின. முதலாளி வேறு, கழகம் வேறு.

சின்னவன்: நீங்கள் லண்டனுக்கே போனதில்லை. அது எப்படி மாமா உங்கள் கழகம் ஆகும்?

பெரிய மாமா: இதைக் கேட்பாய் என்று தெரியும். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறு.

பெரிய மாமா: 1990 உலகக் கிண்ணம் தொடங்கிச் சில நாளில் இங்கே சண்டை தொடங்கிவிட்டது. கமரூன் ஆர்ஜென்டினாவை 1-0 என்று வென்ற முதல் ஆட்டம் பார்த்தேன், இறுதி ஆட்டத்தின் முடிவை முகாமில் இருந்து ரேடியோவில்தான் கேட்டேன். அதற்குப் பிறகு கனகாலம் எங்களுக்கு இரவு என்று ஒன்று இல்லை, ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினால் சாத்தினதுதான், வெளியில் சைக்கிள் மணி கேட்டாலே உங்கள் அம்மம்மா விளக்கை அணைப்பார். பிறகு 2002இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. மெல்ல மெல்லச் சனம் இரவில் வெளியே வரத் தொடங்கியது. டொக்யார்ட் வீதிப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் டிஷ் போட்டார்கள், ஒரு பிளேன்டீ வாங்கினால் முழு ஆட்டமும் பார்க்கலாம், முதலாளி நல்ல மனுசன், எழும்பு என்று சொல்ல மாட்டார். அந்த 2003-04 சீசன்தான், ஆர்சனல் 38 ஆட்டமும் ஒன்றும் தோற்கவில்லை, 26 வெற்றி, 12 சமநிலை. ஆட்டம் முடிந்து பத்து மணிக்கு நடந்து வருவோம், ஒருவரும் மறிக்கவில்லை, வழி நெடுக பெர்காம்ப் பந்தை எப்படி நிறுத்தினார் என்ற கதைதான். இந்த ஊரில் எனக்கு இரவைத் திருப்பித் தந்தது ஆர்சனல் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் டிவியில் ஓடியது அவர்கள்தானே. பிறகு எப்படி மாறுவது? மூன்று வருடம் தொடர்ந்து இரண்டாம் இடம் வந்தாலும் சரி.

அக்கா: மாமா இதை நீங்கள் சொன்னதே இல்லையே.

சித்தி: அந்தக் கடையில் பிளேன்டீ மட்டுமா குடித்தார்கள் என்று கேள்.

லண்டன் அண்ணா: நான் ஒன்று சொல்லட்டா? நீங்கள் எல்லோரும் டிஷ் காசுக்கு அடிபடுகிறீர்கள். இன்றைக்குப் பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் ஒன்றும் எனக்கு இங்கே டிவியில் இல்லை. எவ்வளவு காசு கட்டினாலும் இல்லை. சனிக்கிழமை 2.45 இல் இருந்து 5.15 வரைக்கும் இங்கிலாந்தில் நேரடியாகக் காட்டக்கூடாது என்பது சட்டம் மாதிரி. திருகோணமலையில் மாமா காலை நீட்டிக்கொண்டு எட்டரைக்குப் பார்ப்பார், மைதானத்தில் இருந்து பத்து மைல் தூரத்தில் இருக்கும் எனக்கு ரேடியோதான்.

அத்தான்: மெய்யாகவா? ஏன்?

லண்டன் அண்ணா: 1960களில் பேர்ன்லிக் கழகத்துக்குத் தலைவராக இருந்த பொப் லோர்ட் என்பவர் பிடித்த பிடி அது. பெரிய ஆட்டத்தை டிவியில் காட்டினால் சின்னக் கழகங்களின் ஆட்டத்துக்கு ஆள் வராது, வாசல் காசு இல்லாமல் அவை செத்துவிடும் என்றார். அதை இன்றைக்கும் வைத்திருக்கிறார்கள். எனக்கு முதலில் விசர் பிடித்தது, பிறகு சும்மா இருக்க முடியாமல் பக்கத்தில் லேய்டன் ஓரியன்ட் பார்க்கப் போகத் தொடங்கினேன். 1881 கழகம், மூன்றாம் பிரிவு. நான் இருக்கும் இடத்தில் இருந்து ஆட்டக்காரன் மூச்சு வாங்குவது கேட்கும், பின்னால் ஒரு கிழவன் நடுவரின் தாய் தகப்பனை எல்லாம் விசாரிப்பார். ஹரி கேன் பதினேழு வயதில் கடனுக்கு வந்து விளையாடிய இடம். அதை மறக்காமல் 2020இல் கொரோனா நேரம் அவர்களுடைய சட்டை விளம்பரத்தை அவரே காசு கொடுத்து வாங்கி, முன்னால் நின்று வேலை செய்தவர்களுக்கு நன்றி என்று அடிக்க வைத்தார். விசுவாசம் என்றால் நான் அதைச் சொல்வேன்.

லண்டன் அண்ணா: மாமா, 2011 எஃப்ஏ கிண்ணத்தில் உங்கள் ஆர்சனலை 89ஆவது நிமிடக் கோலால் 1-1 என்று நிறுத்தியதும் இவர்கள்தான் 😊

பெரிய மாமா: திரும்ப ஆடியபோது 5-0. அதையும் எழுது.

பெரிய மாமா: ஆனால் நீ சொல்வதில் ஒரு விஷயம் இருக்கிறது. இங்கே அப்படித் தடை போடக்கூடத் தேவையில்லை. ஏகாம்பரம் மைதானத்தில் நாலு மணிக்குத் தொடங்கினால் ஆறு மணிக்குள் முடிந்துவிடும், வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு எட்டரைக்கு ஆர்சனல் பார்க்கலாம். இரண்டும் முட்டவே முட்டாது. இருந்தும் ஆள் வராது. டிவி கெடுத்தது என்று சொல்வது சாட்டு. இலங்கை 1995இல் தெற்காசியக் கிண்ணத்தைக் கொழும்பில் இந்தியாவை வென்று எடுத்தது, இந்தக் குழுவில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிண்ணியாவில் பார், ஒரு சாதாரண ஆட்டத்துக்கே சனம் மதிலில் ஏறி நிற்கும்.

சின்னவன்: மாமா, இன்றைக்கு நாலு மணிக்கு ஏகாம்பரத்தில் மட்ச்.

பெரிய மாமா: யார் யார்?

சின்னவன்: நாங்கள்தான். போன கிழமையே இந்தக் குழுவில் போட்டேன். மேலே போய்ப் பாருங்கள், சித்தி மட்டும் 👍 போட்டிருக்கிறார்.

சித்தி: நான் அது கறி நல்லாயிருந்தது என்று போட்டது என்று நினைத்தேன்.

அத்தான்: 😂 தம்பி நீ எந்த இடம்?

சின்னவன்: இடது பின்வரிசை. ஆனால் இன்றைக்கு முதல் பதினொன்றில் இல்லை. பெஞ்ச்.

பெரிய மாமா: நீ பெஞ்சில் இருப்பதைப் பார்க்க நான் வெயிலில் வர வேண்டுமா?

சின்னவன்: நீங்கள்தானே கழகத்தைப் பார், ஆட்டக்காரனைப் பார்க்காதே என்றீர்கள்.

அக்கா: 👏👏👏

லண்டன் அண்ணா: மாமா, இதற்கு விஏஆர் என்ற வீடியோ நடுவரைக் கூப்பிட முடியாது, கோல் கோல்தான்.

பெரிய மாமா: அந்த விஏஆரைப் பற்றிக் கதைக்காதே, 2019இல் அது வந்த பிறகு ஒரு கோலுக்கு மனதாரக் கத்த முடிகிறதா? கத்திவிட்டுக் கதிரையில் இருந்துகொண்டு மூன்று நிமிடம் கோடு கீறுவதைப் பார்க்க வேண்டும், தோள்மூட்டு வெளியே நிற்கிறதாம். சரி சரி, வருகிறேன். மருமகன், மூன்றரைக்கு மோட்டார் சைக்கிளைக் கொண்டு வாருங்கள். குடையும் எடுங்கள், நிலாவெளிப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது.

அத்தான்: ஓம் மாமா.

அக்கா: நானும் பிள்ளைகளும் ஆட்டோவில் வருகிறோம். தோடம்பழம் கொண்டு வரட்டா, இடைவேளைக்கு?

சின்னவன்: அக்கா வேண்டாம், பெடியள் பகிடி பண்ணுவார்கள்.

அக்கா: கொண்டு வருகிறேன்.

பெரிய மாமா: டிஷ் காசு இன்னும் முடியவில்லை. ஒருவரும் பதில் சொல்லாமல் நழுவப் பார்க்கிறீர்கள்.

அத்தான்: நான் ஒரு பங்கு.

அக்கா: நானும். ஆனால் வான் பெர்சி பெயர் சொன்னால் முகத்தைச் சுழிக்கக் கூடாது.

சின்னவன்: அரைப் பங்கு. மியாமி ஆட்டத்துக்கு வீட்டு வைஃபை தர வேண்டும்.

லண்டன் அண்ணா: மிச்சத்தை நான் அனுப்புகிறேன். மூன்று மணி ஆட்டம் நடக்கும்போது யாராவது வீடியோவில் என்னைக் கூப்பிட்டுப் போனை டிவிக்கு நேரே பிடியுங்கள்.

சித்தி: அப்படியென்றால் நானும் ஒரு பங்கு கட்டுகிறேன்.

பெரிய மாமா: நீ எதற்கு?

சித்தி: பங்குக்காரி என்றால் ரிமோட்டில் எனக்கும் உரிமை இருக்கிறது. சனி, ஞாயிறு உங்களுக்கு. புதன்கிழமை ஒன்றரை மணிச் சாமத்து மட்சும் உங்களுக்கு, சத்தத்தைக் குறைத்து. மற்ற நாள் எட்டரைக்கு ஒருவரும் முன் அறைப் பக்கம் வரக்கூடாது, பழைய ஆட்டம் திரும்பப் போடுகிறார்கள் என்ற கதையும் வேண்டாம்.

பெரிய மாமா: பழைய ஆட்டம் வேறு, அது

சித்தி: அண்ணா.

பெரிய மாமா: சரி.