மழைக்காலத்தில் 12 போர் (குழல் அளவு) தோட்டா கெட்டுப்போகிறது. வெற்றுக் கூட்டை வீட்டில் நிரப்பலாமா?

கந்தப்பளை மரக்கறி:
வணக்கம். கோவா, லீக்ஸ் பாத்திகளுக்குக் காட்டுப்பன்றி இறங்குவதால் லைசன் எடுத்த 12 போர் ஒற்றைக்குழல் துவக்கு இருக்கிறது. தோட்டாக்கள் அட்டைப் பெட்டியோடு, உரம் வைக்கும் அறை அலுமாரியில் இருக்கின்றன. காகிதக் கூடு உள்ளவை ஊதி, பாதிக்கு மேல் சேம்பருக்குள் (குழலின் பின்பக்கம் தோட்டா இருக்கும் இடம்) போகவில்லை. பிளாஸ்டிக் கூடுகள் நன்றாகத்தான் தெரிகின்றன. ஆனால் பித்தளை அடியில் பச்சை படிந்திருக்கிறது, இரண்டில் மயிரிழை வெடிப்பும் உண்டு. ஒன்றில் ஊசி அடித்த தடம் இருக்கிறது, வெடிக்கவில்லை. வெளிநாடுகளில் வெற்றுக் கூட்டை வீட்டிலேயே நிரப்புகிறார்களே, நம்மால் முடியுமா? இருப்பவற்றை அடுப்புக்கு மேலே பரணில் காயவைக்கலாமா? எண்ணெய் தடவினால் துரு நிற்குமா?

ஆர்மரர் பண்டாரவளை:
அண்ணே, நிரப்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அனுமதியில்லாமல் வெடிமருந்து செய்வதோ வைத்திருப்பதோ 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டப்படி குற்றம். துவக்கு லைசன் இதற்குப் பொருந்தாது.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், வேலையைப் பாருங்கள். நிரப்பலாம் என்று சட்டம் இருக்கும் நாடுகளில் பழைய கேப்பை (ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தள்ளி எடுத்து, அடியைப் பழைய அளவுக்கு நெருக்கி, புதுக் கேப் பொருத்துவார்கள். அதன் பின் மருந்து, வாட் (மருந்துக்கும் குண்டுக்கும் இடையிலான அடைப்பு), ஈயக்குண்டு என்று வரிசையாக இட்டு வாயை மடிப்பார்கள். பார்க்க எளிது. ஆனால் மருந்தை நிறுக்கும் அளவு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு. ஒரு கிரெயின் என்பது 0.065 கிராம்தான். கூடு, கேப், வாட், மருந்து, குண்டு ஆகிய ஐந்தும் மருந்துக் கம்பனி சோதித்து வெளியிட்ட அட்டவணையில் ஒரே வரியில் இருக்க வேண்டும். குண்டின் எடை அதேதான் என்று வாட்டை மட்டும் மாற்றினாலும் அழுத்தம் மாறிவிடும். துவக்குச் சோதனைக்கான சர்வதேச ஆணையமான சி.ஐ.பி.யின் விதி சாதாரண 12 போர் தோட்டாவுக்கு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 740 பார். லொறி டயரில் இருப்பது 8 பார் அளவுதான். அந்த 740 பார் உங்கள் கன்னத்துக்கு அருகே பூட்டிய இரும்புக்குள் எழுகிறது. சோதித்த மருந்தும் அட்டவணையும் இல்லாமல் கைக்குக் கிடைத்ததைப் போட்டு நிரப்பினால் குழல்தான் வெடிக்கும்.

வெடிக்காத தோட்டாவைப் பற்றிச் சொல்கிறேன், இதுதான் மிக முக்கியம். அடித்து வெடிக்காவிட்டால் உடனே திறக்கக் கூடாது. வாய்ப்பக்கத்தை ஆபத்தில்லாத மண்மேட்டுக்கு நேரே பிடித்தபடி ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருங்கள். மருந்து தாமதமாகப் பற்றுவது உண்டு. பிறகு எடுத்துத் தனியே வையுங்கள், இரண்டாம் தடவை அடிக்காதீர்கள். சத்தம் மந்தமாக, ‘புஸ்’ என்று வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். ஈரம் குடித்த மருந்து அரைகுறையாக எரியும்போது வாட் குழலுக்குள்ளேயே சிக்கிவிடும். அது தெரியாமல் அடுத்ததைப் போட்டு அடித்தால் குழல் பிளக்கும். துவக்கைத் திறந்து, சேம்பர் காலி என்று உறுதி செய்தபின், பின்பக்கமிருந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். குளவிக்கூடு, சேறு, துணித்துண்டு எது இருந்தாலும் இதே கதிதான்.

வெலிமடை சேமிப்பு:
ஐயா, உங்கள் பிரச்சினை பாதி உர அறையில்தான் இருக்கிறது. பித்தளையில் தெரியும் மயிரிழை விரிசலுக்கு ஈரம் மட்டும் காரணமாகாது. அமோனியாவும் சேர்ந்திருக்கும். யூரியா, மாட்டு எரு, கோழி எரு எல்லாவற்றிலிருந்தும் அது வெளிவரும். கூட்டை அழுத்தி இழுத்துச் செய்யும்போது பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் அமோனியாவும் ஒன்றுசேர்ந்தால் உலோகம் தானாகவே விரிசல் விடும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் பித்தளை இப்படித்தான் விரிசல் விட்டது. குதிரைச் சிறுநீரின் அமோனியாதான் காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். விரிசல் உள்ளதைச் சுடக் கூடாது. அடி பிளந்தால் வாயு பின்னோக்கி முகத்துக்கு வரும்.

வைக்கும் முறை இதுதான். ரப்பர் வளையம் உள்ள உலோக டின், இல்லாவிட்டால் இறுக மூடும் பிஸ்கட் டின், பூட்டிய அலுமாரிக்குள். அந்த அறையில் எரு, உரம், பூச்சி மருந்து எதுவும் இருக்கக் கூடாது. பிஸ்கட் டின்னுக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல் போதும், துணிப் பையில் கட்டிப் போடுங்கள். நீல மணிகள் ரோஸ் நிறமானால் ஈரம் நிறைந்துவிட்டது. மணிகளைத் தட்டில் கொட்டி 110 முதல் 120 பாகை சூட்டு அடுப்பில் இரண்டு மணிநேரம் வைத்தால் நீலம் திரும்பும், அதற்கு மேல் சூடாக்கினால் நிறம் கருகிப் பயனற்றுப் போகும். ஒருபோதும் தோட்டாவையும் ஜெல்லையும் ஒன்றாக அடுப்பில் வைக்காதீர்கள்.

பரண் யோசனையும் வேண்டாம். வெப்பம் மருந்தில் இருக்கும் பாதுகாப்பு இரசாயனத்தைத் தின்றுவிடும், மருந்து மெல்ல மெல்லச் சிதையத் தொடங்கும். புளிப்பான காரநெடியோ செந்தவிட்டுப் புகையோ வந்தால் அது முற்றிய நிலை, கையை வைக்காமல் பொலிஸுக்குச் சொல்ல வேண்டியது.

குளிரில் கிடந்த டின்னை அடுப்படிச் சூட்டுக்குள் கொண்டுவந்து உடனே திறக்காதீர்கள். வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த பித்தளையில் பட்டால் பனித்துளி விழும். டின்னுக்கும் அறைக்கும் சூடு ஒன்றாகும்வரை மூடியே இருக்கட்டும். நுவரெலியாவின் தென்மேற்குப் பருவத்தில் இதை மறப்பதால்தான் நல்ல டின்னிலும் பச்சை வருகிறது.

ஆர்மரர் பண்டாரவளை:
எண்ணெய் விஷயம் விட்டுப்போனது. தோட்டாவுக்கு எண்ணெய் வேண்டாம். துருவை இளக்கும் மெல்லிய எண்ணெய் கேப்பின் ஓரத்தால் உள்ளே ஊறி அதைச் செத்ததாக்கும். சேம்பரில் எண்ணெய் இருந்தாலும் கூடு சுவரைப் பிடிக்காமல் வழுக்கி, முழுத் தள்ளலும் பின்பூட்டில் விழும். எண்ணெய் குழலுக்குத்தான்: வெண்கலப் பிரஷ், கரைசல், காய்ந்த துணி, கடைசியாக மிக மெல்லிய பூச்சு. சுடப் போகுமுன் அதையும் துடைத்து எடுத்துவிடுங்கள்.

கந்தப்பளை மரக்கறி:
நன்றி அண்ணே. ஊதிய காகிதத் தோட்டாவைக் காயவைத்தால் மறுபடி உள்ளே போகுமா? இது பழைய ஆங்கிலேயத் துவக்கு, புதுத் தோட்டா வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

ஆர்மரர் பண்டாரவளை:
காய்ந்தால் சிலவேளை போகும், ஆனாலும் சுடாதீர்கள். ஈரம் உள்ளே என்ன செய்தது என்று வெளியே தெரியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறக்குவதும் வேண்டாம்.

பழைய துவக்கில் பார்க்க வேண்டியது சேம்பர் நீளம். குழலின் அடித்தட்டையில் 2½ அங்குலம் அல்லது 65 என்று குத்தியிருந்தால் 70 மில்லிமீட்டர் தோட்டா போடக் கூடாது. ஏமாற்றம் எங்கே என்றால், மடித்த வாயோடு அது அழகாக உள்ளே போகும். சுடும்போது மடிப்பு விரிந்து, சேம்பருக்கு முன்னால் குழல் ஒடுங்கும் இடத்தில் அடைக்கும், அழுத்தம் ஏறும். பெட்டியில் எழுதியிருப்பது வெடித்த பிறகுள்ள நீளம். இன்னொன்று, 12ஐவிடச் சிறியதான 20 போர் தோட்டாவை அதே டின்னில் போடாதீர்கள். அது 12 போர் சேம்பரைக் கடந்து குழலுக்குள் வழுக்கிப்போய் நிற்கும். பார்த்தால் சேம்பர் காலியாகத் தெரியும், அதன் பின்னால் 12ஐப் போட்டு அடித்தால் குழல் போய்விடும்.

ஊதியவை, அடியில் விரிசல் உள்ளவை, வெடிக்காத அந்த ஒன்று, எல்லாவற்றையும் தனி டின்னில் வைத்து, எண்ணிக்கையை எழுதி, லைசன் புத்தகத்தோடு பொலிஸ் நிலையத்தில் பேசுங்கள். கழற்றாதீர்கள், புதைக்காதீர்கள், குப்பை எரிக்கும் குழியில் போடாதீர்கள். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி, எப்போது எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.