அணுக்கருச் சொற்கள் எனக்குப் பிடிபட்ட இடங்கள்

அரை ஆயுட்காலம், பிணைப்பு ஆற்றல், மாறுநிலை என்று அணுக்கரு இயற்பியல் பாடத்தில் வரும் சொற்கள் கொஞ்சம்தான். வரையறையை ஒப்பித்துத் தேர்வில் எழுதிவிடலாம். ஆனாலும் எதையாவது அளந்து பார்க்கும்போதுதான் அவை மனதில் உட்கார்கின்றன.

எனக்கு முதலில் பிடிபட்டது அரை ஆயுட்காலம். கல்லூரி ஆய்வகத்தில் ஒரு மூடிய பிளாஸ்டிக் புட்டி இருந்தது. அதில் அமிலத்தில் கரைத்த யுரேனிய உப்பு, அதன்மேல் மிதக்கும் கரிமக் கரைப்பான். புட்டியை நன்றாகக் குலுக்கி வைத்தால், யுரேனியம் சிதைந்து உண்டான புரோட்டாக்டினியம்-234எம் மேல் அடுக்குக்கு ஏறிவிடும். அந்த அடுக்கை ஒட்டி, கதிர்வீச்சை எண்ணும் கைகர் குழாயை வைத்துப் பத்து வினாடிக்கு ஒருமுறை எண்ணிக்கையைக் குறித்தோம்.

கருவியின் சத்தம் சீராக வராது. இரண்டு மூன்று 'டிக்' சேர்ந்து விழும், அப்புறம் ஒரு இடைவெளி. எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எண்களை வரைபடத்தில் போட்டால் அழகான வளைகோடு வரும், சுமார் 70 வினாடிக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அந்த 70 வினாடிதான் அதன் அரை ஆயுட்காலம். இரண்டு அரை ஆயுட்காலம் போனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைக்கும் மாணவர்கள் நிறையப் பேர். கால் பங்கு மிச்சமிருக்கும் என்பதை அந்தக் கோடே காட்டிக்கொடுக்கும். இன்னொன்று, புட்டியைத் தூரமாக எடுத்துவைத்தாலும் கருவி வாயை மூடாது. மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் எப்போதும் வந்துகொண்டிருக்கும் பின்னணிக் கதிர்வீச்சு அது. அதைத் தனியாக அளந்து கழிக்காவிட்டால் கணக்கு சரியாக வராது.

அடுத்தது மருத்துவமனையில். உறவினர் ஒருவருக்கு எலும்பு ஸ்கேன். ஈயக் கவசம் போட்ட ஊசியில் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளைக் கொண்டுவந்தார்கள். அளவு மெகாபெக்கரலில் எழுதியிருந்தது. வினாடிக்கு ஒரு சிதைவு என்றால் ஒரு பெக்கரல், அதில் பத்து லட்சம் ஒரு மெகாபெக்கரல். உடம்பு எவ்வளவு பாதிக்கப்படலாம் என்பதை அது சொல்லாது, அதற்குச் சீவர்ட் என்ற வேறு அலகு. இந்த இரண்டையும் தயவுசெய்து ஒன்றாக்காதீர்கள்.

ஸ்கேன் எடுத்தவர் பக்கத்தில் அன்று குழந்தைகள் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். "அப்படியானால் எக்ஸ்ரே எடுத்தவர் பக்கத்திலும் குழந்தைகள் போகக் கூடாதா?" என்று வீட்டில் கேட்டார்கள். நல்ல கேள்வி. எக்ஸ்ரே உடம்பைக் கடந்து போய்விடும், எதையும் விட்டுவைக்காது. ஊசியில் போட்ட டெக்னீசியமோ உடம்புக்குள்ளேயே இருந்து காமாக் கதிரை வெளியிடும். கதிர்வீச்சு படுவது வேறு, கதிரியக்கப் பொருள் உள்ளே இருப்பது வேறு. இதன் அரை ஆயுட்காலம் 6 மணி நேரம் என்பதால் ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்காகிவிடும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், சிறுநீரோடு அதிலும் ஒரு பகுதி போய்விடும்.

மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும்போது அதிகம் இடறுவது பிணைப்பு ஆற்றலில்தான். கருவுக்குள் சேமித்து வைத்திருக்கும் ஆற்றல் என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த கருவான டியூட்ரானை எடுத்து நான் கணக்குப் போடச் சொல்வேன். புரோட்டான் 1.00728, நியூட்ரான் 1.00866, கூட்டினால் 2.01594 அணு நிறை அலகு. சேர்ந்திருக்கும் டியூட்ரானோ 2.01355தான். ஒரு அணு நிறை அலகு 931.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்குச் சமம் என்பதால், குறைகிற 0.00239-ஐ 931.5-ஆல் பெருக்கினால் சுமார் 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட். இரண்டும் சேரும்போது வெளியே போய்விட்ட ஆற்றல் அது. பிரிக்க வேண்டுமானால் அவ்வளவையும் நாம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இது புரிந்துவிட்டால் கருப்பிளவு சுலபம். யுரேனியத்தில் ஒரு நியூக்ளியானுக்கு, அதாவது கருவிலுள்ள ஒரு புரோட்டானுக்கோ நியூட்ரானுக்கோ, பிணைப்பு ஆற்றல் சுமார் 7.6 மெகா எலக்ட்ரான் வோல்ட், பிளந்து வரும் துண்டுகளில் சுமார் 8.5. வித்தியாசத்தை யுரேனியம்-235 கருவிலுள்ள நியூக்ளியான்களின் எண்ணிக்கையான 235-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 200 மெகா எலக்ட்ரான் வோல்ட். மாணவர்கள் தாங்களே போட்டுக் கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

கடைசியாக, 'மாறுநிலை'. அணு உலை மாறுநிலையை எட்டியது என்ற செய்தியைப் படித்துவிட்டு, ஏதோ விபத்து என்று பதறி என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஒவ்வொரு பிளவும் சராசரியாக இன்னும் ஒரே ஒரு பிளவை உண்டாக்கினால் தொடர்வினை கூடாமல் குறையாமல் ஓடும், அதுதான் மாறுநிலை. மின்சாரம் தயாரிக்கும் ஒவ்வொரு உலையும் அந்த நிலையில்தான் ஓடுகிறது.