புதுப்பிப்பு: வால்பாறை ஈப்பிடிப்பான், பெயர் தெரிந்துவிட்டது

டிசம்பரில் வால்பாறையில் தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னால், ஓடையோரப் புதரில் பார்த்த சிறு பழுப்புக் குருவி எது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஆசியப் பழுப்பு ஈப்பிடிப்பான் என்றுதான் பலர் சொன்னீர்கள், நானும் அப்படியே நம்பினேன். தீர்த்துவைத்தது "காலைப் பாருங்கள்" என்ற ஒற்றை வரி. மறுநாள் விடியலில் கிடைத்த படத்தில் கால் வெளிர் நிறம், கீழ் அலகும் முழுக்க வெளிர். ஆசியப் பழுப்புக்குக் கால் கருப்பு, கீழ் அலகில் அடிப்பக்கம் மட்டும்தான் வெளிர். ஆக, இது பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான். மார்பின் நிறத்தை வைத்து முடிவுசெய்யப் பார்த்தேன். நிழலில் அது உதவவே இல்லை.

பழக்கமும் பொருந்துகிறது. ஆசியப் பழுப்பு திறந்த கிளையில் உட்கார்ந்து, பூச்சியைப் பிடித்துவிட்டுப் பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பும். இது தாழ்ந்த புதருக்குள்ளேயே இருக்கும். விடியலிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பு. பகலில் நான் தேடித் தேடி ஏமாந்தது அதனால்தான். வடகிழக்கு இந்தியா, தென்சீனப் பக்கம் இனப்பெருக்கம் செய்துவிட்டு, குளிருக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும் வருகிறது.

எதிர்பாராத ஒன்று: இதன் அறிவியல் பெயர் மஸ்சிகாப்பா முத்துய். 1854இல் பெயரிட்ட பறவை ஆய்வாளர் லேயார்டு, இலங்கையின் பருத்தித்துறையில் இதைக் கொண்டுவந்து கொடுத்த தன் பணியாளர் முத்துவின் பெயரையே வைத்துவிட்டார். நம்ம முத்து!