செல்பேசியில் மாட்டிப் பார்த்து மூக்குக்கண்ணாடி வாங்கலாமா?

கேள்வி (திருமங்கலத்து மகள்):
அம்மாவுக்கு 61 வயது. தூரத்துக்கும் வாசிப்புக்கும் ஒரே கண்ணாடியாக, மருத்துவர் புரோகிரசிவ் லென்ஸ் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு செயலியில் அம்மாவின் முகத்தைக் காட்டினால், பிரேமை மாட்டியதுபோலவே தெரிகிறது. தலையைத் திருப்பினால் அதுவும் திரும்புகிறது. இரு கண்மணிகளுக்கு இடையே 62 மி.மீ. என்று அதுவே அளந்தும் சொல்கிறது. அதை நம்பி லென்ஸோடு ஆர்டர் கொடுக்கலாமா?

பதில் (கண்ணாடிக் கடைக்காரர்):
பிரேம் தேர்ந்தெடுக்க அந்த வசதி நல்லது, சகோதரி. லென்ஸ் வெட்ட அந்த 62 போதாது.

சாதாரணக் கேமராவுக்கு மில்லிமீட்டர் தெரியாது. அளவு தெரிந்த பொருள் ஏதாவது படத்தில் இருக்க வேண்டும். சில செயலிகள் ஏ.டி.எம். அட்டையை நெற்றியில் வைக்கச் சொல்வது இதற்குத்தான். அதன் அகலம் எங்கும் 85.6 மி.மீ. வேறு சில, கருவிழியையே அளவுகோலாக்குகின்றன. பெரும்பாலோருக்கு அதன் குறுக்களவு 11.7 மி.மீ.; அரை மி.மீ. கூடக்குறைய இருக்கலாம். 2020இல் கூகுள் வெளியிட்ட மீடியாபைப் ஐரிஸ் என்ற மென்பொருள், செல்பேசிக்கும் முகத்துக்கும் உள்ள தூரத்தை இப்படித்தான் கணிக்கிறது. அந்த அரை மி.மீ. வேறுபாடு, 62இல் இரண்டரை மி.மீ.க்கு மேல் பிழையாக வளர்ந்துவிடும். போதாததற்கு, செல்பேசியை அருகில் வைத்துப் பார்க்கும்போது கண்கள் உள்நோக்கித் திரும்புகின்றன. மென்பொருள் அதையும் சரிக்கட்ட வேண்டும்.

புரோகிரசிவ் லென்ஸில் மேலே தூரப்பார்வை, கீழே வாசிப்பு, நடுவே ஒரு குறுகிய பாதை. அது கண்மணிக்கு நேராக அமையாவிட்டால், அம்மா படி இறங்கும்போது தரை மங்கும். இந்த வயதில் ஒருமுறை விழுந்தாலே பெரும்பாடு.

பதில் (கோவை வாசகர்):
ஐபோன் 10 முதல் முன்பக்கக் கேமரா முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் வீசி ஆழத்தை அளக்கிறதே? அமெரிக்காவில் வார்பி பார்க்கர் என்ற கண்ணாடி நிறுவனம் 2019இலேயே அதை வைத்துக் கண்ணாடியை மாட்டிக் காட்டியது. அதுவும் போதாதா?

பதில் (கண்ணாடிக் கடைக்காரர்):
கண்மணிகளின் இடைவெளியை அளக்க அது மேலான முறைதான், ஐயா. உயரம்தான் சிக்கல். கண்மணி பிரேமின் கீழ்விளிம்பிலிருந்து எவ்வளவு மேலே நிற்கிறது என்பதை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். திரையில் பிரேம் வரைந்த இடத்திலேயே நிற்கும். நிஜத்தில் அதற்கு எடை உண்டு, மூக்கு வியர்க்கும், இறங்கும். மாட்டி, காதுப்பக்கம் வளைத்துச் சரிசெய்த பிறகு அளந்தால்தான் அது அளவு.

கேள்வி கேட்டவர்:
அப்படியென்றால் பிரேமை மட்டும் வாங்கினால்?

பதில் (கண்ணாடிக் கடைக்காரர்):
தாராளமாக. அம்மாவின் பழைய கண்ணாடிக் கம்பியின் உட்புறம் 52-18-140 என்பதுபோல எண்கள் இருக்கும்: லென்ஸ் அகலம், மூக்குப்பாலம், கம்பி நீளம். அவற்றுக்கு நெருக்கமான பிரேமைச் செயலியில் பொறுக்குங்கள். வெளியே வாங்கிய பிரேமுக்கு லென்ஸ் போடுவார்களா என்று கடையில் முன்பே கேளுங்கள். உடைந்தால் யார் பொறுப்பு என்று சிலர் தயங்குவார்கள். அளவெடுக்கும்போது அம்மாவையும் அழைத்துப் போங்கள்.