ஜெலுத்தோங் பிளாட், பேசினுக்குக் கீழே பழைய கேபினட்: தட்டு போட வழி உண்டா?

ஏழாம்மாடி_ஜெலுத்தோங்
பினாங்கு, பழைய பிளாட். பேசினுக்குக் கீழே இரண்டு கதவு வைத்த சிப்போர்டு (மரத்துகளை அழுத்திச் செய்த பலகை) கேபினட். உள்ளளவு: அகலம் 56 செ.மீ, ஆழம் 42, உயரம் 58. நடுவில் பாட்டில் டிராப் (கழிவுநீர்க் குழாயில் நாற்றம் தடுக்கும் கிண்ணம்) தொங்குகிறது. அதன் மையம் பின்பக்கத்திலிருந்து 22 செ.மீ, அடிக்கும் கீழ்ப்பலகைக்கும் இடைவெளி 24 செ.மீ. தட்டே கிடையாது. ஷாம்பு, சோப்புத் தூள், பிரஷ் எல்லாம் கீழே குவிந்து கிடக்க, மேல்பாதி காலி. அடிப்பலகையின் முன்விளிம்பு வேறு உப்பியிருக்கிறது. கேபினட்டை மாற்றாமல், டைல்ஸைத் தொடாமல் இடத்தைக் கூட்ட முடியுமா? கடையில் விற்கும் இரும்பு ரேக் போதுமா?

ரம்பமும்ரிவெட்டும்
முதலில் அந்த உப்பலைப் பாருங்கள். தட்டு பிறகு. சிப்போர்டு ஒருமுறை உப்பினால் காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது, ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மேலே எது போட்டாலும் வீண். ஆங்கிள் வால்வு (சுவரில் தண்ணீரை மூடும் சின்னக் குழாய்), அதிலிருந்து மேலே போகும் ஹோஸின் இரண்டு முனை, டிராப்பின் நட்டுகள், ஒவ்வொன்றிலும் காய்ந்த டிஷ்யூவைச் சுற்றுங்கள். பேசினை முழுக்க நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். எந்த டிஷ்யூ நனைகிறதோ அங்கேதான் கோளாறு. ஒன்றுமே நனையவில்லை என்றால் பெரும்பாலும் பாத்ரூம் கழுவும் தண்ணீர் கீழ்விளிம்பு வழியாக ஏறுகிறது.

அப்படியே உளியால் அடிப்பலகையைத் தட்டிப் பாருங்கள். உள்ளே மண் குழாய் தெரிந்தால் கரையான். அப்போது தட்டு வேலையை விட்டுவிட்டு கேபினட்டையே எடுத்துவிடுங்கள்.

தட்டுக்கு 10 மி.மீ பிவிசி ஃபோம் போர்டு நல்லது. தண்ணீரில் ஊறாது. சைன்போர்டு கடைகளில் வெட்டுத் துண்டு கேட்டால் கிடைக்கும். ஒரே பலகையாக வேண்டாம், கீல்கள் தடுக்கும். இரண்டு பாதியாக, ஒவ்வொன்றும் 27.5 செ.மீ அகலம், 36 செ.மீ ஆழம். பின்னால் 5 செ.மீ ஹோஸுக்கும் காற்றுக்கும், முன்னால் 1 செ.மீ கதவுக்கு. ஒவ்வொரு பாதியிலும் உட்பக்கப் பின்மூலையில் 8 செ.மீ அகலம், 23 செ.மீ ஆழம் வெட்டி எடுங்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால் டிராப்புக்கு 16 செ.மீ இடுக்கு கிடைக்கும், முன்னால் 13 செ.மீ பட்டை முழுசாக இருக்கும்.

உயரம் அடியிலிருந்து 30 செ.மீ. ஒரு லிட்டர் பம்ப் பாட்டில் பெரும்பாலும் அதற்குள் நிற்கும். உங்களுடையதை வாங்குவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள். இரண்டு பக்கச் சுவரிலும் 25 மி.மீ அலுமினிய ஆங்கிள் (L வடிவப் பட்டை). பக்கப்பலகை 16 மி.மீதான் இருக்கும், அதனால் 12 மி.மீ துருப்பிடிக்காத ஸ்க்ரூ, பக்கத்துக்கு மூன்று. பிடிக்காமல் சுழன்றால் ஓட்டையில் எபாக்ஸி புட்டி அடைத்து மறுநாள் 2 மி.மீ துளையிட்டு முறுக்குங்கள்.

முன்பட்டைக்கு அடியில் குறுக்காக இன்னொரு ஆங்கிள் கொடுக்காவிட்டால் நடுவில் தொய்ந்துவிடும். வெட்டிய பகுதியின் உட்புற மூலைக்கு ஒரு துண்டு பிவிசி பைப்பைக் காலாக நிறுத்துங்கள். தட்டை ஒட்டாதீர்கள், சும்மா வையுங்கள். டிராப்பின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிச் சுத்தம் செய்ய கை போக வேண்டும்.

ஈரமானபலகை
இரும்பு ரேக் பற்றிக் கேட்டீர்களே. குரோம் பூச்சு போட்டது இந்த ஊர் ஈரத்தில் கால் நுனியிலிருந்துதான் முதலில் துருப்பிடிக்கும், அந்தக் கறை லேமினேட்டை விட்டுப் போகாது. பிளாஸ்டிக் பெட்டிகள் போதும். கேபினட் அளவைப் பார்த்து வாங்காமல் கதவைத் திறந்துவைத்து இரண்டு கீல்களுக்கும் இடையே உள்ள அகலத்தை அளந்து வாங்குங்கள். அங்கேதான் எல்லோரும் தவறுவது.

கதவின் உட்புறத்தில் கூடை மாட்டும் எண்ணம் இருந்தால் தட்டை இன்னும் உள்ளே தள்ள வேண்டும். 10 செ.மீ கூடைக்குத் தட்டு 11 செ.மீ பின்வாங்கும். இந்த அளவு கேபினட்டில் அது லாபமில்லை. பழைய சிப்போர்டில் கீல் ஸ்க்ரூக்கள் அந்தப் பாரத்தையும் தாங்காது.

கீல்கேள்வி
இடையில் ஒரு கேள்வி: கீலே துருப்பிடித்திருந்தால் புது ஓட்டை போடாமல் மாற்ற முடியுமா?

ஈரமானபலகை
பெரும்பாலும் முடியும். கதவில் உள்ள வட்டக்குழி 35 மி.மீ என்றால் புதுக் கீலும் அதில் உட்காரும். 304 ஸ்டெயின்லெஸ் என்று கேளுங்கள். கதவு பக்கப்பலகையை முழுதாக மூடுகிறதா, பாதிதானா, உள்ளே அடங்குகிறதா என்று பார்த்துச் சொல்லாவிட்டால் தவறான வளைவுள்ள கீல் வரும், கதவு மூடாது. பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போவதே நல்லது.

மூலைக்கடைக்காரர்
இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று. கதவின் மேலும் கீழும் தலா ஒரு 35 மி.மீ துளை போட்டு பிளாஸ்டிக் காற்றுமூடி பொருத்துங்கள். கீல் துளைக்கான பிட் இதற்கும் உதவும். காற்று ஓடாவிட்டால் தட்டு எத்தனை போட்டாலும் பூஞ்சைதான் வரும்.

அடுத்து, அடிப்பலகையில் உப்பிய மேடுகளைச் சீவிவிட்டு, நன்றாகக் காய்ந்தபிறகு மேலே ஃபோம் போர்டு விரித்து விளிம்பில் பூஞ்சை தடுக்கும் நியூட்ரல் சிலிகான் போடுங்கள். வினிகர் வாடை வரும் சிலிகான் பக்கத்திலிருக்கும் உலோகத்தை அரிக்கும். முன்விளிம்பில் மட்டும் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். நாளைக்குக் கசிந்தால் தண்ணீர் உங்கள் கண்ணில் படட்டும். சிலிகான் காய 24 மணி நேரம்.

பிளீச்சையும் ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். இரண்டும் கசிந்து கலந்தால் குளோரின் வாயு.

ஏழாம்மாடி_ஜெலுத்தோங்
நன்றி. டிஷ்யூ சோதனையில் ஆங்கிள் வால்வில் ஹோஸ் சேரும் நட்டு நனைகிறது. வெள்ளை டேப் சுற்றினால் நிற்குமா?

ரம்பமும்ரிவெட்டும்
நிற்காது. அங்கே அடைப்பது மரை அல்ல, நட்டுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர். வால்வை மூடி, நட்டைக் கழற்றி, அரை இன்ச் வாஷரை மாற்றுங்கள். கையால் இறுகும்வரை சுற்றிவிட்டு ஸ்பேனரால் கால் சுற்று போதும். அதற்கு மேல் முறுக்கினால் வாஷர் பிதுங்கி மறுபடியும் கசியும். ஹோஸின் பின்னல் கம்பி துருவேறியிருந்தால் வாஷரோடு நிறுத்தாமல் ஹோஸையே மாற்றுங்கள்.