மறுமொழி: எனர்ஜி ஸ்டோருக்கு ‘களஞ்சியம்’ வேண்டாமே, ‘இருப்பு’ன்னு வைக்கலாம்

வணக்கம்,

இயற்பியல் பாடத்துல ஆற்றல் எந்த வகையில இருக்குன்னு கணக்கு வைக்கறதை ‘எனர்ஜி ஸ்டோர்’னும், ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் போறதை ‘டிரான்ஸ்ஃபர்’னும் சொல்றாங்களே, அதுக்குத் தமிழ்ச் சொல் தேடற பேச்சுக்குத்தான் இந்த மறுமொழி.

> ‘ஆற்றல் களஞ்சியம்’ கேக்கவே நல்லா இருக்கு, இதையே முடிவு பண்ணிடலாமே?

நல்லா தாங்க இருக்கு, ஆனா களஞ்சியம்னு சொன்னதும் உள்ள ஏதோ பண்டத்தைக் கொட்டி வச்சிருக்காப்ல ஒரு நெனப்பு வந்துடுது. கிடங்கு, சேமகம், தேக்கம் எதை எடுத்தாலும் இதே சிக்கல் தான். 1 கிலோ கல்லை 1 மீட்டர் உயரம் தூக்குறோம், சுமார் 9.8 ஜூல் ஆற்றல் கூடுது. அந்த 9.8 கல்லுக்குள்ளயா இருக்கு? கல்லை ஒடைச்சுப் பாத்தாலும் ஒண்ணும் கிடைக்காது, கல்லும் பூமியும் சேந்த அமைப்போட கணக்கு அது. ஒட்டப் பாக்குற ரெண்டு காந்தத்தை இழுத்துப் பிரிச்சு வச்சாலும் அப்படித்தான், எந்தக் காந்தத்துக்குள்ள ‘களஞ்சியம்’ இருக்குன்னு காட்டுவீங்க?

பெட்ரோல் இன்னும் மோசம். பெட்ரோலுக்குள்ள ஆற்றல் அடைஞ்சு கெடக்கு, அணுக்களுக்கு நடுவுல இருக்கற பிணைப்பு உடைஞ்சா வெளிய வந்துடும்னு பல பேர் எழுதுறாங்க. பிணைப்பை உடைக்க ஆற்றல் குடுக்கணுமே ஒழிய அதுல இருந்து வராது, ஆக்சிஜனோட சேந்து கார்பன் டை ஆக்சைடு, தண்ணின்னு புதுப் பிணைப்பு உருவாகறப்ப வர்றது அதைவிடக் கூட, அந்த மிச்சம்தான் நமக்குக் கிடைக்குது. ஆக்சிஜன் இல்லாத எடத்துல பெட்ரோல் சும்மா திரவம். அப்ப வேதி இருப்புன்றது எரிபொருள், ஆக்சிஜன் ரெண்டுக்கும் சேத்துத்தான்.

அதான் ‘இருப்பு’ங்கறேன். கணக்குப் பேரேட்டுல இருப்பு இவ்வளவுன்னு எழுதுறோம்ல, அது ஒரு தொகை, பெட்டி கிடையாது. இயக்க இருப்பு, ஈர்ப்பு இருப்பு, மீள் இருப்பு (இழுத்து வச்ச ரப்பர் மாதிரி), வேதி இருப்பு, அணுக்கரு இருப்புன்னு சொல்லிப் பாருங்க, வாய்ல தடுக்கல. சூடான பொருளுக்கு மட்டும் ‘அக இருப்பு’, ஏன்னா அக ஆற்றல் (பொருளுக்குள்ள இருக்கற துகள்களோட மொத்த ஆற்றல்)ங்கற சொல் ஏற்கெனவே பழக்கத்துல இருக்கு, வெப்பம்ங்கற சொல்லை வேற வேலைக்கு வச்சிக்கணும் (கீழ வரேன்). இன்னொரு வசதி, எனர்ஜி, பவருக்கு இலங்கைப் பாடநூல்ல சக்தி, வலுன்னும் தமிழ்நாட்டுல ஆற்றல், திறன்னும் வருதுல்ல, அங்க ‘சக்தி இருப்பு’ன்னு போட்டுக்கிட்டா ஆச்சு, சண்டை வேணாம்.

> டிரான்ஸ்ஃபருக்கு ‘ஆற்றல் மாற்றம்’ இருக்கே, புதுசு எதுக்கு?

இதுதான் எனக்கு ஆகவே ஆகாது, ‘மாற்றம்’னா ஆற்றல் ஒரு வகையில இருந்து இன்னொரு வகையா உருமாறுதுன்னு ஆகிடும். 2000 வாட் கெட்டில்ல 1 லிட்டர் தண்ணிய 30 டிகிரில இருந்து 100க்குக் கொண்டு போறோம்னு வைங்க, கிலோவுக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 4200 ஜூல் கணக்குல 2,94,000 ஜூல், அதாவது 147 விநாடி, நிஜத்துல இன்னும் கொஞ்சம் ஆகும் ஏன்னா கெட்டிலும் சுத்தி இருக்கற காத்தும் சூடாகுது. இதை ‘மின்னாற்றல் வெப்ப ஆற்றலா மாறுச்சு’ன்னு ஒரே வரில எழுதிட்டுப் போயிடறோம். சுவிட்சை அணைச்சா கம்பில மிச்சம் எவ்வளவு? இருப்புன்னு எழுதற அளவுக்கு ஒண்ணும் இல்ல. மின்சாரம் இங்க வெறும் வழி, தொடக்க இருப்பு மின் நிலையத்து நிலக்கரியோட வேதி இருப்பாவோ அணையில உசரத்துல நிக்கற தண்ணியோட ஈர்ப்பு இருப்பாவோ இருக்கும். ஒளி, ஒலி, வெப்பம் எல்லாமே இந்த வழிப் பட்டியல்ல போகணும், இருப்புப் பட்டியல்ல இல்ல.

‘பரிமாற்றம்’னா ரெண்டு பக்கமும் குடுத்து வாங்கற மாதிரி, ‘கடத்தல்’ ஏற்கெனவே வெப்பக் கடத்தலுக்குப் போயாச்சு, ‘இடமாற்றம்’னா மறுபடி எடம். நான் ‘ஆற்றல் பெயர்வு’ங்கறேன். வினையா ஆக்கறதும் லேசு: கல் விழறப்ப ஈர்ப்பு இருப்புல இருந்து இயக்க இருப்புக்கு ஆற்றல் பெயருது, தரையில மோதி நின்னதும் அக இருப்புக்குப் பெயர்ந்துடுது. அந்த 9.8 ஜூல் மொத்தத்தையும் 1 கிலோ தண்ணிக்குக் குடுத்தாக்கூட 0.0023 டிகிரி தான் ஏறும், கை வச்சா தெரியாது, அதனாலதான் ‘ஆற்றல் போயிடுச்சு’ன்னு தோணுது. ஜூல்ங்கற விஞ்ஞானி (அவர் பேருதான் அந்த அலகுக்கு) 1840கள்ல எடையைக் கீழ விட்டு துடுப்பைச் சுத்த வச்சு தண்ணிச் சூட்டை அளந்தாரே, இந்தத் துளியூண்டு ஏற்றத்தைப் பிடிக்கத்தான் அவ்வளவு மெனக்கெட்டாரு.

கண்டப்பெயர்ச்சி, இடப்பெயர்ச்சியோட கொழம்பாதான்னு கேப்பீங்க. முன்னாடி ‘ஆற்றல்’ நிக்கறப்ப கொழம்பாதுன்னு நெனக்கிறேன்.

வழிகளுக்கு நீங்க குடுத்த பட்டியல்ல மின் வழி, வெப்ப வழி, கதிர் வழி மூணும் சரி. நாலாவதா ‘இயந்திர வழி’ன்னு போட்டிருக்கீங்க, அது மட்டும் உறுத்துது. கையால ஒரு பெட்டியைத் தள்ளுறப்ப இயந்திரம் எங்க இருக்கு? விசை வேலை செய்யுது, அவ்வளவுதான். ‘விசை வழி’ன்னு வச்சா என்ன? மத்தவங்களும் சொல்லுங்க.